கட்டெறும்பின் மேல் விழுந்த பழி

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது பேச்சாக இப்போது அது வந்துவிடுகிறது. "வளவுத் தூணைக் கட்டெறும்பு தின்னுது ஆச்சி, பர்மாத் தேக்கையே முடிச்சிருச்சாம்." சொல்கிறவர் கையில் அலைபேசி இருக்கும். அதில் அமெரிக்காவில் எடுத்த படம் ஓடும். சுவர்ப்பலகையைப் பிரித்ததும் கறுப்பு எறும்புகள் கொட்டுகின்றன, உள்ளே சட்டம் சல்லடையாகக் கிடக்கிறது. பார்த்த ஆச்சி அன்றைக்கே மருந்தடிக்க ஆள் தேடுகிறார்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை ஊருக்கெல்லாம் தெரியும். இங்கே கட்டெறும்பு ஊதி யானையாகியிருக்கிறது.

எறும்பு மரத்தைத் தின்னாது. காணொளியில் வரும் அமெரிக்க எறும்பும் தின்னாது. மரத்தின் உடம்பு செல்லுலோஸால் ஆனது. அதைச் செரித்து உயிர் வாழும் வசதி எறும்பின் வயிற்றில் கிடையாது. கட்டெறும்பு வகையின் குடலில் பிளாக்மேனியா என்ற பாக்டீரியா குடியிருப்பது உண்மைதான். அது எறும்புக்கு வேண்டிய அமினோ அமிலங்களைச் சமைத்துக் கொடுக்கும் சமையல்காரர். மரத்தூளைச் சோறாக்கும் வித்தை அதற்கும் தெரியாது. எறும்பு கேட்பது சர்க்கரை, செத்த பூச்சி, செடியில் ஒட்டியிருக்கும் அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் தேன் போன்ற நீர். அவ்வளவே. மரத்துக்குள் அது போனால் குடியிருக்கப் போகிறது. குடைந்த தூளை விழுங்காமல் வாசலில் கொண்டுவந்து கொட்டுகிறது.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர். ஆங்கிலத்தில் 'கார்பென்டர் ஆன்ட்' என்று அழைக்கப்படுவது கேம்போனோட்டஸ் என்ற ஒரு பெரும் பேரினம். உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. கிழக்கு அமெரிக்காவில் வீட்டைக் குடையும் கேம்போனோட்டஸ் பென்சில்வானிகஸ் அதில் ஒன்று. நம் முற்றத்தில் ஓடும் பெரிய கறுப்புக் கட்டெறும்பு, 1787-இல் டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் பெயரிட்ட கேம்போனோட்டஸ் கம்ப்ரஸ்ஸஸ், இன்னொன்று. இரண்டும் பங்காளிகள். பங்காளி செய்த குற்றத்துக்கு இவனைப் பிடித்து உதைப்பது எந்த ஊர் நியாயம்? நம் கட்டெறும்பு பெரும்பாலும் மண்ணில், மரத்தின் வேரடியில் புற்று வைக்கும். வீட்டுக்குள் வருவது அடுப்படிச் சீனி டப்பாவுக்காக. அமெரிக்க வீடு பைன் சட்டத்தில் கூடு கட்டி, பலகை அடித்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டப்படுவது. அந்த வெற்றிடத்தில் தண்ணீர் கசிந்தால் எறும்புக்கு அரண்மனை. காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடு செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றி, நிற்கும் மரத்தூண்கூட மண்ணில் ஊன்றியதில்லை. கல் பீடத்தின் மேல் நிற்கிறது. கட்டியவர்களுக்கு ஈரத்தின் குணம் தெரிந்திருந்தது.

அப்படியானால் தூண் தலையிலோ உத்திரத்திலோ எறும்பு குடியிருப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. கேம்போனோட்டஸில் சில இனங்கள் பட்ட மரத்திலும் இடுக்கிலும் கூடு வைக்கும். ஆனால் அவர்கள் பார்த்தது கதையின் கடைசிப் பக்கம். முதல் பக்கம் கூரையில் இருக்கிறது.

நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் வீடு அது. இரண்டு சரிவு சந்திக்கும் மூலைக்குக் கூடல்வாய் என்று பெயர். மழை முழுவதும் அந்த மூலைகளில் திரண்டுதான் கீழே பாயும். அங்கே ஒரு ஓடு விலகினால், தகரத்தில் ஊசித்துளை விழுந்தால், வேப்பஞ்சருகு அடைத்தால், தண்ணீர் கைமரத்தின் தலையில் இறங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை மரத்தை மெத்தென்று ஆக்கும். மெத்தென்ற மரம் கிடைத்த பிறகே எறும்பு வரும். பூட்டை உடைத்தவன் என்றோ போய்விட்டான். திறந்து கிடந்த வீட்டில் படுத்துறங்கிய வழிப்போக்கனைக் கட்டிவைத்து அடிக்கிறோம்.

வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார், அல்லது சிங்கப்பூரில். வீடு திறப்பது முன்னோர் படைப்புக்கு, கல்யாணத்துக்கு. ஒரு வீட்டுக்குப் பத்துப் புள்ளி, பதினைந்து புள்ளி, அதாவது அத்தனை பங்குக் குடும்பங்கள். ஓடு மாற்றும் செலவு யார் கணக்கில் என்று முடிவாவதற்குள் இரண்டு ஐப்பசி போய்விடும். கார்த்திகையில் ஒழுகியது தை மாதம் சாவி திரும்பும்போதுதான் தெரிகிறது. அப்போது தூணில் எறும்பு ஊர்கிறது. பழியும் அதன் மேல் விழுகிறது.

இந்தப் பழியால் எறும்புக்கு நட்டம் குறைவு; வீட்டுக்குத்தான் அதிகம். கட்டி முடித்த கட்டடங்களில் கரையான் தடுப்புக்கென்று இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு, ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு மண்ணுக்குள் மருந்து செலுத்தும் முறையை அது சொல்கிறது. மண்ணிலிருந்து ஏறும் கரையானுக்கு அது பொருந்தும். கூரையில் நனைந்த உத்திரத்துக்கும் அதற்கும் என்ன உறவு? எறும்பைப் பார்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் டிரில் மிஷினை வைக்கிறார்கள். கண்ணாடியின் மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றிக் கையால் செய்த கல், சூளை காணாதது, ஐம்பது அறுபது வருடம் கால் பட்டுப் பட்டு மினுங்குவது. அதில் விழுந்த துளையைச் சிமென்ட் வைத்து அடைக்கலாம், அந்த மினுக்கம் வராது. மருந்து தரைக்கடியில் ஊற, கூடல்வாயில் ஒழுகல் அப்படியே தொடரும்.

மருந்துக்காரரைக் கூப்பிடும் முன் கீழே விழுந்திருப்பது என்னவென்று குனிந்து பார்த்தால் போதும், பாதி வழக்கு தீர்ந்துவிடும். அரிசிமாவு போல மெல்லிய பொடி, பக்கத்தில் குண்டூசித் தலை அளவு துளைகள் என்றால் வண்டு. நாம் உளுத்துப்போச்சு என்கிறோமே, அது இந்த வண்டின் புழு வேலை. கசகசா போலக் கடினமான சிறு மணிகள் குவிந்திருந்தால் உலர்மரக் கரையான். அதற்கு மண் தொடர்பே வேண்டாம், காய்ந்த சட்டத்துக்குள்ளேயே காலம் தள்ளும். சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் மண்ணில் வாழும் கரையான். அந்தக் கோட்டைக் கீறிவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இழை இழையாகச் சீவிய தூளும், நடுவே பூச்சிக் கால், இறகு, செத்த எறும்பின் தலை என்று குப்பையும் கலந்திருந்தால்தான் எறும்புக் கூடு. அப்போதும் முதல் வேலை மேலே ஒழுகுகிறதா என்று பார்ப்பதே.

கரையானை வெள்ளை எறும்பு என்று பாடப்புத்தகப் பாணியில் சொல்வதையும் விட்டுவிடலாம். அது எறும்புச் சாதியே இல்லை. கரையானின் சொந்தக்காரன் கரப்பான்பூச்சி. 2007-இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார்கள். எறும்போ கரையானின் முதல் எதிரி. புற்று உடைந்தால் அள்ளிக்கொண்டு போக முதலில் வருவது அதுதான். மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசல் கரையானின் பிள்ளைகள். எறும்பிலும் இறகு முளைத்தது உண்டு. இடுப்பு ஒடுங்கி, மீசை முழங்கை போல் மடிந்து, முன் இறகு நீளமாகவும் பின் இறகு குட்டையாகவும் இருந்தால் எறும்பு. இடுப்பே இல்லாமல், நாலு இறகும் ஒரே நீளமாக இருந்தால் ஈசல்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம்.

பர்மாத் தேக்கை எதுவும் தொடாது என்பது பாதி உண்மை. வைரம் பாய்ந்த நடுமரத்தில் டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, கரையானுக்கு அது ஆகாது. வெளிச்சுற்று வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. 1942-இல் இந்த வீட்டுக்காரர்கள் பர்மாவை விட்டு ஓடிவந்தபின் ரங்கூன் மரம் முன்போல் வரவில்லை. அதன் பிறகு ஒட்டுப்போட்ட துண்டு, மாற்றிய ரீப்பர், புதிதாக அடித்த பிளைவுட் பரண் எல்லாம் பெரும்பாலும் அந்தத் தேக்கு இல்லை. பூச்சிக்கு வம்சாவளி தெரியாது, கிடைத்ததைத் தின்னும்.

கடையில் விற்கும் எறும்பு சாக்பீஸ், போட்ட கோட்டைத் தாண்டும் எறும்பைக் கொல்லும், கூட்டைத் தொடாது. அதில் இருப்பது பைரித்ராய்டு வகை விஷம். பிள்ளைகள் எடுத்து எழுதும் உயரத்தில் வைக்கக் கூடாது. மஞ்சள்தூள், உப்பு எல்லாம் எறும்பைப் பக்கத்து அறைக்கு அனுப்பும். புற்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது, மேலே மரக்கூரையை வைத்துக்கொண்டு செய்யும் காரியமா? பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கும் காமாக்சின் தூள் பி.எச்.சி. அது 1997-இல் தடையாயிற்று. கரையானுக்கு அடித்த ஆல்ட்ரின் அதற்கும் முந்தைய வருடமே போயிற்று. எங்கோ பரணில் பழைய டப்பா இருந்தால் திறக்காமல் இருப்பது நல்லது. எறும்பைக் கொன்றால் லட்சுமி போய்விடுவாள் என்கிறவர்கள் வாசலில் கல்மாவுக் கோலத்தை நிறுத்தி மறுபடி அரிசிமாவில் போடட்டும். எறும்புக்குத் தீனி வெளியிலேயே கிடைத்துவிடும்.

அடுப்படியில் எறும்பு நிஜமாகவே தொல்லை என்றால் அடிப்பதை விட ஊட்டுவது மேல். கண்ணில் படுவது இரை தேடும் கூட்டம் மட்டுமே. ராணியும் குஞ்சுகளும் புற்றுக்குள். ஸ்பிரே அடித்தால் வெளியே வந்தது சாகும், ராணி அடுத்த கூட்டத்தைப் பெறுவாள். எறும்பு வயிற்றில் சுமந்து போனதை வாயோடு வாய் வைத்துக் கூட்டுக்குப் பகிர்ந்து கொடுக்கும். அந்த வழக்கத்தைப் பயன்படுத்த வேண்டும். 100 மில்லி தண்ணீர், 10 கிராம் சீனி, 1 கிராம் போரிக் ஆசிட். 1990-களில் ஃப்ளோரிடாவின் கட்டெறும்பு இனத்தில் இந்த அளவை ஒட்டித்தான் சோதித்தார்கள். பஞ்சில் நனைத்து மூடியில் வைத்து, எறும்பு வரும் வழியில் பிள்ளையும் பூனையும் எட்டாத இடத்தில் விட வேண்டும். வேகம் போதவில்லையென்று போரிக்கை ஐந்து பங்கு கூட்டுகிறவர்கள் காரியத்தைக் கெடுக்கிறார்கள். தூக்கிப்போகும் எறும்பு வழியிலேயே செத்தால் ராணிக்கு யார் ஊட்டுவது? வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அதுவரை அந்த வழியில் வேறு மருந்து எதுவும் அடிக்கக் கூடாது.

இதெல்லாம் அடுப்படிக்கு. கூரைக்கு ஒரே மருந்து ஓடு பிரட்டுவது. 2014-லிருந்து செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பாரம்பரியம் என்று கருத்தரங்கம் நடக்கிறது, கானாடுகாத்தான் தெருவில் படம் எடுக்கிறார்கள். கூடல்வாய்ச் சருகை அள்ள ஏணி வைப்பவர் யார்? ஓட்டைப் பிரட்டி, உடைந்ததை மாற்றி, கைமரத்துக்குக் காற்றுப் பட விடுகிற வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், கூலி கேட்டால் முகம் சுளிக்கிற வீட்டுக்காரர்கள் கூடிக்கொண்டே. ஒரு தூணை மாற்றும் செலவில் எத்தனை வருடம் ஓடு பிரட்டலாம் என்று கணக்குப் பிள்ளை பரம்பரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை ஆவணியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். ஐப்பசியில் ஓட்டில் ஏறுவது வழுக்கி விழத்தான்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். உச்சி வெயிலில் பரணில் ஏறி, விளக்குப் போடாமல் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். வெயில் ஊசியாக விழும் இடத்துக்கு நேராகச் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம், எறும்பு சாக்பீஸ் அல்ல, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ். ஓட்டுக்காரர் வந்ததும் அந்த வட்டங்களைக் காட்டிவிட்டு இறங்கிவிடலாம்.