சொல்வதா, மறைப்பதா? நோயும் உண்மையும் குறித்து ஐந்து திரைப்படங்கள்

"அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்." மருத்துவமனைத் தாழ்வாரங்களில் அடிக்கடி ஒலிக்கும் வேண்டுகோள் இது. மகனோ மகளோ தாழ்ந்த குரலில் இதைச் சொல்வார்கள். அதில் அன்பும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. அதே நேரத்தில், உள்ளே கட்டிலில் இருப்பவர் செவிலியரை அழைத்து, "எனக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகளிடம் காட்டிக்கொள்ளாதீர்கள், தாங்கமாட்டார்கள்" என்று சொல்வதும் உண்டு. ஒருவரையொருவர் காக்க நினைத்து, இருவருமே தனித்துப் போகிறார்கள்.

நோயைப் பற்றிய உண்மையை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது மருத்துவர்களுக்கும் எளிதில் விடை கிடைக்காத கேள்வியாகவே இருந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மருத்துவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாக நூற்றுக்கு 90 பேர் தெரிவித்தனர். 1979-இல் அதே கேள்வி அந்நாட்டில் மீண்டும் கேட்கப்பட்டபோது நூற்றுக்கு 97 பேர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் மனப்போக்கே மாறிவிட்டது. குடும்பங்களுக்குள் அம்மாற்றம் அத்தனை விரைவாக நிகழ்வதில்லை.

நம் வீட்டுக் கதையைப் பேச நாவெழாத வேளையில், பிறர் கதையைப் பேசுவது சற்று எளிது. ஆகவே இவ்விதழில், ஒரே கேள்வியை ஐந்து கோணங்களில் அணுகும் ஐந்து திரைப்படங்களைப் பரிந்துரைக்கிறோம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி தந்துள்ளோம். படம் முடிந்தபின் உடனிருப்பவருடன் பேச அது உதவும்.

பார்ப்பதற்கு முன்

இவற்றில் பெரும்பாலானவற்றில் மரணம் வருகிறது. ஆகவே கதையின் போக்கை மறைக்காமல் முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளிலோ, கீமோதெரபி ஏற்றிக்கொண்ட முதல் சில நாள்களிலோ இவற்றைப் பார்க்க வேண்டாம். தனியாகப் பார்ப்பதைவிட, மனத்துக்கு நெருங்கிய ஒருவருடன் பார்ப்பது நலம். பாதியில் நிறுத்த விரும்பினால் தயங்காமல் நிறுத்தலாம். உடனிருப்பவர் முதலில் தனியே பார்த்துவிட்டு, நோயாளிக்கு இது ஏற்றதா என்று முடிவு செய்வது மிக நல்லது.

1. தி ஃபேர்வெல் (2019): மறைப்பவர்களின் அன்பு

சீனாவின் சாங்சுன் நகரில் வாழும் பாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது. குடும்பமே கூடி அதை அவரிடம் மறைக்கிறது. எல்லோரும் அவரைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்காக, ஒரு பேரனின் திருமணத்தை அவசரமாக ஏற்பாடு செய்து, அதையே சாக்காக வைத்து ஒன்றுகூடுகிறார்கள். நியூயார்க்கில் வளர்ந்த பேத்தி பில்லிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "பாட்டிக்குத் தெரியவேண்டாமா?" என்பது அவளுடைய கேள்வி. அந்தப் பாரத்தைப் பாட்டிக்காகக் குடும்பம் சுமக்கிறது என்பது பெரியவர்களின் விடை. இயக்குநர் லூலூ வாங் தம் சொந்தக் குடும்பத்தில் நடந்ததையே படமாக்கியிருக்கிறார்.

மறைப்பவர்களை இப்படம் குற்றவாளிகளாகக் காட்டுவதில்லை. அவர்களுடைய தவிப்பை நகைச்சுவையோடும் பரிவோடும் காட்டுகிறது. உண்மையான அந்தப் பாட்டி, நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகள் கடந்தும் உயிருடன் இருப்பதைப் படத்தின் இறுதியில் அறிகிறோம். அதைக் கண்டு, மறைத்ததனால்தான் அவர் பிழைத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. படத்தில் பாட்டி கடுமையான சிகிச்சை எதற்கும் உட்படாமல் வீட்டில் இருக்கிறார். கீமோதெரபி எடுத்துக்கொண்டு, முடி உதிர்ந்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டிய ஒருவரிடம் நோயின் பெயரை மறைத்துவிடுவது அத்தனை எளிதன்று. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரே கேட்டுவிடுவார்.

பேசிப் பார்க்க: பாட்டியின் இடத்தில் நீங்கள் இருந்தால், தெரிந்துகொள்ள விரும்புவீர்களா?

2. இகிரு (1952): சொல்லப்படாதவரின் தனிமை

'இகிரு' என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு 'வாழ்தல்' என்பது பொருள். அகிரா குரோசாவா இயக்கிய இப்படத்தின் நாயகர் வாத்தநாபே, நகராட்சி அலுவலகத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கோப்புகளில் முத்திரை குத்திக்கொண்டிருப்பவர். வயிற்று வலிக்காக மருத்துவமனைக்குச் செல்கிறார். காத்திருப்போர் அறையில் உள்ள மற்றொரு நோயாளி, இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களிடம் மருத்துவர்கள் என்னவெல்லாம் சொல்லி மழுப்புவார்கள் என்று விவரிக்கிறார். சற்று நேரத்தில் மருத்துவரும் ஏறத்தாழ அதே சொற்களைச் சொல்லி, சாதாரணப் புண்தான் என்கிறார். சொல்லாமலேயே வாத்தநாபேவுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது.

நோயாளிக்குத் தெரியாது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போதும் அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்பதே இக்காட்சி கற்பிக்கும் பாடம். மருத்துவர் முகம் திருப்புவதிலிருந்தும், வீட்டார் திடீரெனக் காட்டும் கனிவிலிருந்தும் நோயாளி உண்மையை ஊகித்துவிடுகிறார். ஊகித்ததைக் கேட்டுத் தெளிய மட்டும் அவருக்கு ஆள் இல்லாமல் போகிறது. வாத்தநாபே தம் மகனிடம் சொல்ல முயன்று, முடியாமல் தவிக்கும் காட்சிகள் நெஞ்சை உலுக்குபவை.

பின்னர் அவர் ஒரு வேலையைக் கையில் எடுக்கிறார். கழிவுநீர் தேங்கிய இடத்தைச் சீர்செய்து சிறுவர் பூங்கா அமைத்துத் தருமாறு அப்பகுதிப் பெண்கள் விடுத்த கோரிக்கை, மேசைக்கு மேசை அலைந்துகொண்டிருந்தது. அதை நிறைவேற்றுவதிலேயே தம் எஞ்சிய நாள்களைச் செலவிடுகிறார். தமக்கு நேரம் குறைவு என்று அறிந்ததனால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. அவர் மறைந்தபின், நோய் அவருக்குத் தெரிந்திருந்ததா என்று உறவினரும் அலுவலரும் வாதிடுகிறார்கள். படம் இரண்டேகால் மணி நேரத்திற்கு மேல் ஓடும். இரண்டு அமர்வுகளாகப் பார்க்கலாம்.

பேசிப் பார்க்க: நீங்கள் முடிக்க விரும்பும் வேலை, சந்திக்க விரும்பும் மனிதர், சொல்ல விரும்பும் சொல் எது?

3. நெஞ்சில் ஓர் ஆலயம் (1962): நோயாளி பேச விரும்பும்போது

ஸ்ரீதர் இயக்கிய இத்தமிழ்ப் படத்தை நம் மூத்த வாசகர் பலர் முன்பே பார்த்திருப்பீர்கள். புற்றுநோயாளியான வேணுவாக முத்துராமனும், அவருடைய மனைவி சீதாவாகத் தேவிகாவும், அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் முரளியாகக் கல்யாண்குமாரும் நடித்தனர். முரளியும் சீதாவும் முன்னொரு காலத்தில் ஒருவரையொருவர் விரும்பியவர்கள். கதை முழுவதும் மருத்துவமனைச் சூழலிலேயே நகர்கிறது. வேணு பிழைக்கிறார், அவரைக் காக்க ஓய்வின்றி உழைத்த மருத்துவர் இறந்துவிடுகிறார்.

முக்கோணக் காதலாக நினைவில் நின்றுவிட்ட இப்படத்தை, நோயாளியின் பக்கமிருந்து மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறோம். தாம் இறந்துவிட்டால் மனைவியின் வாழ்வு என்னாவது என்று வேணு கவலைப்படுகிறார். முரளியை மணந்துகொள்ளுமாறு அவளிடமே சொல்கிறார். அதைக் கேட்டுச் சீதா நொறுங்கிப்போகிறாள். அவர் சொன்ன தீர்வு சரியா, தவறா என்பது இருக்கட்டும். தமக்குப் பின் நடக்கவேண்டியதைப் பற்றி ஒரு நோயாளி பேச விரும்புகிறார். அருகில் இருப்பவரால் அதைக் கேட்க முடியவில்லை. நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறது. வீட்டுப் பத்திரம், கடன், மகளின் திருமணம் என்று அவர் வாயெடுத்தவுடன், "அபசகுனமாகப் பேசாதீர்கள்" என்று தடுத்துவிடுகிறோம். பேசிவிட்டதால் யாருக்கும் நோய் முற்றுவதில்லை. பேசாததால் அவருடைய உறக்கம் கெடுகிறது.

பேசிப் பார்க்க: அவர் சொல்லவந்து நாம் தடுத்துவிட்ட பேச்சு ஏதேனும் உண்டா?

4. ஆனந்த் (1971): சிரிப்புக்குள் இருப்பது

ஹிருஷிகேஷ் முகர்ஜியின் இந்த இந்திப் படத்தில், ஆனந்தாக ராஜேஷ் கன்னாவும் மருத்துவர் பாஸ்கராக அமிதாப் பச்சனும் நடித்தனர். ஆனந்துக்குக் குடலில் புற்றுநோய். ஆறு மாதத்துக்குமேல் வாழ இயலாது என்பது அவருக்கே தெரியும். தம் நோயின் நீண்ட ஆங்கிலப் பெயரைக் கேட்டு, ஏதோ வைஸ்ராயின் பெயர்போல் இருக்கிறதே என்று சிரிக்கிறார். தெருவில் போகும் முன்பின் அறியாதவரையும் நண்பராக்கிக்கொள்கிறார். உண்மையைத் தாங்க முடியாமல் உடைந்துபோவது மருத்துவரே. கதையின் இறுதியில் ஆனந்த் இறக்கிறார்.

'தெரிந்தால் உடைந்துபோவார்' என்ற நம் அச்சத்துக்கு இப்படம் ஓர் எதிர்ச்சான்று. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆனந்தைப்போல் சிரிக்க வேண்டிய கடமை எந்த நோயாளிக்கும் இல்லை. "தைரியமாக இருங்கள்" என்று வருகிறவர் எல்லோரும் சொல்லும்போது, அழுவதற்கு ஓர் இடமும் இல்லாமல் போய்விடுகிறது. ஆனந்தும் தம் பழைய காதலின் வலியைச் சிரிப்புக்குள்தான் வைத்திருந்தார். இதே எண்ணத்தைத் தமிழில் காண விரும்புவோர், கே. பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி' (1965) படத்தையும் பார்க்கலாம். மருத்துவமனையில் எல்லோரையும் சிரிக்கவைக்கும் நோயாளியாக நாகேஷ் அதில் நடித்தார்.

பேசிப் பார்க்க: நீங்கள் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாரேனும் எதிர்பார்க்கிறார்களா?

5. விட் (2001): உண்மை மட்டும் போதாது

மைக் நிக்கோல்ஸ் இயக்கத்தில் எம்மா தாம்சன் நடித்த இத்தொலைக்காட்சிப் படம், மார்கரெட் எட்சனின் நாடகத்தைத் தழுவியது. ஆங்கில இலக்கியப் பேராசிரியை விவியனுக்குக் கருப்பைக்கு அருகிலுள்ள சினைப்பையில் புற்றுநோய், நான்காம் நிலை. மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. தொழில்நுட்பச் சொற்களை அடுக்கி, நிமிர்ந்து பார்க்கவும் நேரமின்றி எல்லாவற்றையும் சொல்லிமுடிக்கிறார். உண்மை முழுவதும் சொல்லப்பட்டபின்னும் விவியன் தனியாகவே இருக்கிறார்.

அவரருகே வந்து அமர்பவர் சூசி என்னும் செவிலியர். நள்ளிரவில் ஒரு குச்சி ஐஸை இருவரும் பகிர்ந்து உண்ணும் வேளையில், நோய் குணமாகவில்லை என்பதை அவர் எளிய சொற்களில் சொல்கிறார். இதயம் நின்றுபோனால் மீண்டும் இயக்க முயலவேண்டுமா, வேண்டாமா என்பதை விவியனிடமே கேட்கிறார். முதலில் சொன்னதும் உண்மைதான், இதுவும் உண்மைதான். இம்முறை கேட்பவர் பதில் சொல்வதற்கு இடம் கிடைத்தது. இது மிகக் கடுமையான படம். இப்போது கீமோதெரபியில் இருப்பவர்களுக்கு இதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. உடனிருப்போரும் எங்களைப் போன்ற மருத்துவப் பணியாளரும் கட்டாயம் பார்க்கவேண்டியது.

பேசிப் பார்க்க: உங்களிடம் சொல்லப்பட்டதில் புரியாமல் போனது எது? அதை யாரிடம் கேட்க உங்களுக்கு எளிதாக இருக்கும்?

ஐந்தும் சேர்ந்து சொல்வது

'சொல்வதா, மறைப்பதா' என்று கேட்கும்போதெல்லாம், முடிவு நம் கையில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். இக்கதைகளில் பலவற்றில் நோயாளியிடம் ஒரு சிறு கேள்வி கேட்கப்படவே இல்லை: "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. வாத்தநாபேயிடமும் கேட்கவில்லை. விவியனிடம் கேட்காமலே கொட்டிவிட்டார்கள்.

கடினமான செய்தியைச் சொல்வதற்கென 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு, இன்று பல நாடுகளின் மருத்துவர்கள் கற்கும் 'ஸ்பைக்ஸ்' என்னும் முறை இக்கேள்விக்கு ஒரு தனிப்படியையே ஒதுக்கியுள்ளது. அதில் ஆறு படிகள். அமைதியான இடத்தில் அமர்வது முதற்படி. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது இரண்டாம் படி. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்பது மூன்றாம் படி. அதன்பிறகே செய்தியைச் சிறிது சிறிதாகச் சொல்வது வருகிறது. அடுத்து அவருடைய உணர்வுகளுக்குச் செவிகொடுத்து, இறுதியில் இனிச் செய்யவேண்டியதை அவருடன் சேர்ந்து திட்டமிடுகிறார்கள். குடும்பத்தாரும் இவ்வரிசையைப் பின்பற்றலாம்.

"எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்று ஒருவர் சொல்லக்கூடும். "எனக்கு வேண்டாம், என் மகளிடம் பேசுங்கள்" என்றும் சொல்லக்கூடும். இரண்டுமே மதிக்கத்தக்க விடைகள். இன்று வேண்டாம் என்றவர் அடுத்த வாரம் கேட்கலாம். அப்போது கதவு திறந்திருக்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், உங்கள் மருத்துவரிடமோ, பிரிவின் செவிலியரிடமோ, மருத்துவமனையின் ஆலோசகரிடமோ சொல்லுங்கள். அந்த உரையாடலில் உங்களுடன் நாங்களும் அமர்ந்திருப்போம்.