முதலில் தண்ணீர், அப்புறம்தான் கரண்ட்

கோவைக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒரு மோனோபிளாக் மோட்டார் இருந்தது. ஃபுட்வால்வு கசிந்து குழாயில் காற்றுப் பிடித்துவிட்டால், மேலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, குமிழி வருவது நின்ற பிறகுதான் அப்பா என்னைச் சுவிட்சைத் தொட விடுவார். "தண்ணி நெறையாம சுச்சு போட்றாத சாமி, சீல் போயிரும்" என்பார். பல வருடம் கழித்து, சென்னையில் வீடியோ எடிட்டிங்குக்காக ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி அதற்குத் தண்ணீர்க் குளிரூட்டல் போட்டபோது அந்தச் சொல்லை மறந்தேன். அதற்கு விலையாக ஒரு பம்பு போயிற்று.

நான் வாங்கியது டி5 வகை பம்பு. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும், முழு வேகத்தில் சுமார் 23 வாட் இழுக்கும். கிணற்று மோட்டாரைப் போல இதில் வெளியிலிருந்து நுழையும் தண்டு கிடையாது. அதனால் சீலும் கிடையாது. காந்தம் பதித்த கிண்ணம் போன்ற சுழலி, ஒரே ஒரு செராமிக் குண்டின் மேல் உட்கார்ந்து சுற்றுகிறது. அந்தக் குண்டுக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் இல்லை. சுற்றிலும் நிற்கும் தண்ணீர்தான் மசகு. தண்ணீர் இல்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே பார்த்தேன். காலிச் சுற்றில் பம்பைப் போட்டால், தொட்டியிலுள்ள தண்ணீர் மூன்று நான்கு நொடியில் டியூபுக்குள் போய்விடும். எங்கேயாவது ஒழுகுகிறதா என்று நான் மேலே ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பம்பு அரை நிமிடம் உலர்ந்து ஓடியது. கரகரவென்ற அந்தச் சத்தம் பிறகு எவ்வளவு தண்ணீர் நிரப்பியும் போகவில்லை. வேறு பம்பு வாங்கினேன்.

இப்போது நிரப்பும்போது ஒரு கை எப்போதும் சுவிட்சில் இருக்கும், கண் தொட்டியில் இருக்கும். தொட்டி கால்வாசிக்கு இறங்கியதும் நிறுத்துவேன். நிரப்பிவிட்டு மறுபடி இரண்டு நொடி ஓட்டுவேன். பத்துப் பதினைந்து தடவை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். அவசரப்படக் கூடாத இடம் இது.

பம்பை எங்கே வைப்பது என்பதிலும் கிணற்றுப் பாடம்தான். தொட்டி மேலே, பம்பு அதற்கு நேர் கீழே. நடுவிலுள்ள துளை உள்வழி, பக்கவாட்டில் இருப்பது வெளிவழி. உள்வழி கீழே பார்க்கும்படி பம்பைத் தலைகீழாக மாட்டக் கூடாது, காற்று உள்ளேயே தங்கிவிடும். பெட்டியின் தகரத்தோடு நேராகத் திருகினால் பெட்டி முழுவதும் ரீங்காரமிடும் என்பதால் நடுவே ரப்பர் மெத்தை கொடுத்தேன்.

"ரேடியேட்டர் பெட்டியின் உச்சியில் இருக்கிறதே, இத்தனூண்டு பம்பு அவ்வளவு உயரம் தள்ளுமா?" என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். கிணற்றில் இது நியாயமான கேள்வி. அங்கே மேலே போன தண்ணீர் வாய்க்காலில் போய்விடும். இங்கே சுற்று மூடியது. ஒரு பக்கம் ஏறும் தண்ணீரின் எடையை மறுபக்கம் இறங்கும் தண்ணீரின் எடை சமன் செய்துவிடும். முதல் தடவை நிரப்பும்போது மட்டும்தான் பம்புக்கு உயரம் ஒரு பொருட்டு. அதன் பிறகு அது போராடுவது டியூப், வளைவுகள், பிராசஸர் மேல் உட்காரும் பிளாக்கின் மெல்லிய செம்புத் தகடுகள் ஆகியவற்றின் உராய்வோடுதான்.

சோதனை நாளில் கம்ப்யூட்டர் ஓடவே கூடாது. இதை யார் கேட்டாலும் அழுத்திச் சொல்கிறேன். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் என்று எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து போகும் எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும். மதர்போர்டு இல்லாமல் எஸ்.எம்.பி.எஸ். எழ, 24 முனை இணைப்பில் 16-ஆவது முனையைப் பக்கத்திலுள்ள தரை முனையோடு இணைக்க வேண்டும். பழைய ஒயர்களில் அது பச்சை நிறம். இப்போது எல்லாமே கறுப்பாக வருவதால், இதற்கென்றே விற்கும் சின்ன பிளக்கை வாங்கிச் செருகிவிடுவது நல்லது.

தண்ணீர் ஊற்றும் முன் காற்றால் ஒரு சோதனை செய்துவிடலாம். அளவுமானி வைத்த சின்னக் கைப்பம்பு கிடைக்கிறது. தொட்டிக்காரர் சொன்ன அழுத்தத்தை மீறாமல் காற்றை ஏற்றி, அரைமணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். என் முள் பத்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. ஒவ்வொரு ஃபிட்டிங்காகக் கழற்றிப் பார்த்ததில், கிராபிக்ஸ் கார்டின் மேலேயே இருந்த ஒன்றில் ஓ-ரிங் பள்ளத்தை விட்டு விலகி நசுங்கியிருந்தது. கையால் இறுக்கியிருந்தால் போதும். நான் ஸ்பேனர் போட்டு இறுக்கியிருந்தேன். காற்றுச் சோதனை செய்யாமல் தண்ணீரை ஊற்றியிருந்தால் அது கார்டின் முதுகில்தான் சொட்டியிருக்கும்.

பிறகு தண்ணீர். சென்னைக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர் மட்டும். புது ரேடியேட்டருக்குள் ஈயப் பற்றின் கழிவு தங்கியிருக்கும்; குலுக்கிக் குலுக்கித் தெளிந்து வரும் வரை கழுவ வேண்டும். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே சுற்றில் சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் டிஷ்யூ காகிதம் சுற்றி, ஒரு பகலும் ஓர் இரவும் பம்பை ஓடவிட்டேன். நடுநடுவே பெட்டியை முன்னும் பின்னும் சாய்த்தால் ரேடியேட்டரில் ஒளிந்த காற்று களகளவென்று தொட்டிக்கு வந்து சேரும். அப்பா மோட்டாரின் மேல் ஒரு குச்சியை வைத்து மறுமுனையைக் காதில் ஒட்டிக் கேட்பார். நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டேன். சீரான ரீங்காரம் என்றால் சரி. சரளைக்கல் உருள்வது போலக் கேட்டால் காற்று இன்னும் இருக்கிறது.

எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்க, திரும்பி வரும் டியூபைக் கழற்றித் தொட்டியின் நீர்மட்ட உயரத்திலேயே ஒரு லிட்டர் குவளையில் பிடித்தேன். உயரம் மாறினால் கணக்கு மாறும். பிடிக்கும்போதே இன்னொருவர் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு என் மனைவி ஊற்றினார். முழு வேகத்தில் ஒரு லிட்டருக்கு 12 நொடி, முக்கால் வேகத்தில் 16 நொடி. கணக்குப் போட்டால், 300 வாட் வெப்பத்தைச் சுமக்கும் தண்ணீர் முதலாவதில் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாவதில் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகவும் சூடேறுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். முழு வேகத்தில் கேட்கும் சத்தம் முக்கால் வேகத்தில் இல்லை. அதனால் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பம்பின் மின்சாரத்தை எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து நேராகவே கொடுக்க வேண்டும். மதர்போர்டின் சாதாரண ஃபேன் முனை பெரும்பாலும் ஓர் ஆம்பியர்தான் தாங்கும், இதற்கோ இரண்டு ஆம்பியர் வரை தேவை. வேகத்தைச் சொல்லும், கட்டுப்படுத்தும் மெல்லிய ஒயர்கள் மட்டும் போர்டுக்குப் போகட்டும். பயாஸில் வேகத்தை நிலையாக வைத்து, சுழற்சி நின்றால் எச்சரிக்கை வரும்படி செய்தேன். அந்த எச்சரிக்கை வேலை செய்கிறதா என்று பார்க்க, பயாஸ் திரையில் இருக்கும்போதே வேகம் சொல்லும் ஒயரை ஒருமுறை கழற்றிப் பார்த்தேன். கத்தியது.

நொடிக் கணக்கையும் சுழற்சி வேகத்தையும் ஒரு தாளில் எழுதிப் பக்கவாட்டுத் தகட்டின் உள்புறம் ஒட்டி வைத்தேன். அடுத்த வருடம் தண்ணீர் மாற்றும்போது மறுபடி அளந்தேன். அதே சுழற்சியில் ஒரு லிட்டருக்கு 22 நொடி. பம்பின் மேல் சந்தேகம் வந்தது, ஆனால் ஸ்க்ரூ டிரைவரில் சத்தம் சீராகவே கேட்டது. பிராசஸர் பிளாக்கைத் திறந்தேன். செம்புத் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகப் பிசின் போல அடைத்திருந்தது. கண்ணாடி போல இருந்த டியூபை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் கசிந்து வந்து படிந்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, டியூப் முழுவதையும் கறுப்பு ஈ.பி.டி.எம். ரப்பருக்கு மாற்றினேன். மறுபடி குவளையில் பிடித்தபோது 16 நொடி.