கிளவுஸுக்குள்ள ஒரு பந்து: கில்கிறிஸ்ட் பண்ணது சீட்டிங்கா?



எக்ஸாம் ஹாலுக்குள்ள சயின்டிஃபிக் கால்குலேட்டர் கொண்டு போகலாம். காதுல ப்ளூடூத் வெச்சுட்டுப் போனா மால்பிராக்டிஸ். ரெண்டுமே நமக்கு உதவி பண்ற பொருள்தான். அப்போ ஒண்ணு ஓகே, இன்னொண்ணு தப்புன்னு எதை வெச்சுச் சொல்றோம்? "ரூல்ல அப்படித்தான் இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சுடலாம். ஆனா ரூல்ல எதுவுமே எழுதாத ஒரு விஷயத்தை ஒருத்தர் செஞ்சா, அப்போ என்ன சொல்வீங்க?

கிரிக்கெட்ல இந்தக் கேள்வி இருநூறு வருஷத்துக்கும் மேல ஓடிட்டு இருக்கு. அதுல ரொம்பப் பேர் சண்டை போட்ட ஒரு கேஸை எடுத்து, நம்ம இன்ஜினியரிங் மூளையை வெச்சுப் பிரிச்சுப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

2007 ஏப்ரல் 28. பார்படாஸ்ல பிரிட்ஜ்டவுன் நகரம், கென்சிங்டன் ஓவல் மைதானம். உலகக்கோப்பை இறுதிப் போட்டி, ஆஸ்திரேலியாவும் இலங்கையும். மழையால ஆட்டம் ஆளுக்கு 38 ஓவரா குறைஞ்சது. ஆடம் கில்கிறிஸ்ட் 104 பந்துல 149 ரன் அடிச்சார். 13 ஃபோர், 8 சிக்ஸ். ஆஸ்திரேலியா 281 ரன். மறுபடியும் மழை, டக்வொர்த் லூயிஸ் கணக்கு, கடைசியில இலங்கை 53 ரன் வித்தியாசத்துல தோத்துப் போச்சு.

செஞ்சுரி அடிச்சதும் கில்கிறிஸ்ட் தன்னோட கிளவுஸைச் சுட்டிக் காட்டினார். எதுக்குன்னு பார்த்தவங்களுக்குப் புரியல. அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு: இடது கை கிளவுஸுக்குள்ள ஒரு ஸ்குவாஷ் பந்து இருந்திருக்கு! அவரோட பேட்டிங் கோச் பாப் மியூல்மன் சொன்ன யோசனை அது.

இலங்கை கிரிக்கெட் வாரியத்துல அப்போ செயலாளரா இருந்த மதிவாணன், இது நெறியான செயல் இல்லைன்னு வெளிப்படையா சொன்னார். கிரிக்கெட் சட்டங்களை எழுதுற லண்டன் எம்.சி.சி. விஷயத்தை ஆராய்ஞ்சு, சட்டமும் மீறப்படல, ஆட்டத்தோட உணர்வும் மீறப்படலன்னு பதில் சொல்லிடுச்சு.

கேஸ் முடிஞ்சது. ஆனா ஏன் அப்படி முடிஞ்சதுன்னு தெரிஞ்சாதான் அடுத்த கேஸ் வரும்போது நமக்கு உதவும்.

அந்தப் பந்து என்ன வேலை செஞ்சது?

கில்கிறிஸ்ட் இடது கை ஆட்டக்காரர். அதனால பேட் கைப்பிடியில வலது கை மேல இருக்கும், இடது கை கீழ இருக்கும். பேட் எந்தப் பாதையில வரணும்னு மேல் கை வழிகாட்டும். கீழ் கை வேகம் கொடுக்கும். கீழ் கை ரொம்ப இறுக்கிப் பிடிச்சா பேட்டோட முகம் திரும்பிடும், வீச்சு நேரா வராம குறுக்க இழுக்கும். நேரா போக வேண்டிய பந்து லெக் சைடுல தூக்கிட்டுப் போகும்.

உள்ளங்கையில ஒரு ரப்பர் பந்து இருந்தா விரல்களால கைப்பிடியை முழுசா சுத்திப் பிடிக்க முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் முக்கியமா பிடிக்கும். கீழ் கையோட ஆதிக்கம் குறையும், பேட் நேரா வரும். அவ்வளவுதான் விஷயம்.

"ரப்பர் பந்தாச்சே, ஸ்பிரிங் மாதிரி எக்ஸ்ட்ரா பவர் தராதா?"ன்னு கேட்கலாம். தராது. பேட்டும் பந்தும் தொட்டுட்டு இருக்குற நேரம் சுமார் ஆயிரத்துல ஒரு பங்கு செகண்ட். பந்து கிளம்பிப் போற வேகத்தைத் தீர்மானிக்கிறது பேட்டோட வேகம், எடை, பந்து பட்ட இடம். அந்தக் கண நேரத்துல கைப்பிடியைக் கை எப்படிப் பிடிச்சிருக்குங்கிறது அந்த வேகத்தைப் பெருசா மாத்தாது.

நம்ம வொர்க்‌ஷாப்ல ட்ரில்லிங் ஜிக் பார்த்திருப்பீங்க. ஓட்டை போடுறது ட்ரில் பிட். ஜிக் இரும்பைத் தொட்டு வெட்டாது. பிட் தப்பான இடத்துக்குப் போயிடாம தடுக்கும், அவ்வளவுதான். ஸ்குவாஷ் பந்தும் ஒரு ஜிக்தான். வெட்டினது கில்கிறிஸ்ட்டோட கண்ணும் கையும் கால் நகர்வும்.

இன்னொரு சாட்சியும் இருக்கு. அது மந்திரப் பந்தா இருந்தா இந்நேரம் உலகத்துல எல்லா பேட்ஸ்மேனும் வெச்சிருக்கணும். கடையில தாராளமா கிடைக்குற சாதாரணப் பொருள்தானே! யாரும் வரிசையில நிக்கல. அவரோட பிடியில இருந்த ஒரு குறைக்கு அது மருந்து. எல்லாருக்கும் அந்தக் குறை இல்லை.

மூணு கேள்வி

இந்த மாதிரி எந்தப் பொருள் வந்தாலும் மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: அன்னைக்கு இருந்த ரூல் உடைஞ்சதா?
ரெண்டு: கேட்டா சொல்ற விஷயமா, இல்ல ஒளிச்சு வைக்குற விஷயமா?
மூணு: வேலையைச் செய்றது ஆளா, பொருளா?

இப்போ சில கேஸ்ல போட்டுப் பார்ப்போம்.

லில்லியோட அலுமினிய பேட். 1979 டிசம்பர், பெர்த், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோட இறங்கினார். பந்து கெட்டுப் போகுதுன்னு இங்கிலாந்து கேப்டன் மைக் பிரேர்லி புகார் பண்ணார். அம்பயர்கள் பேட்டை மாத்தச் சொன்னாங்க. பெரிய வாக்குவாதத்துக்கு அப்புறம் லில்லி அந்த பேட்டைத் தூக்கி எறிஞ்சார். வேடிக்கை என்னன்னா, பேட் மரத்துலதான் இருக்கணும்னு அப்போ சட்டத்துல இல்லவே இல்லை! 1980 சட்டத் தொகுப்புலதான் பேட்டோட அடிக்கிற பகுதி மரமா இருக்கணும்னு எழுதினாங்க. முதல் கேள்வியிலயும் ரெண்டாவதுலயும் லில்லி பாஸ். மூணாவதுலதான் சிக்கல். உலோகம் பந்தோட நேரா மோதுது, பந்தோட நிலைமையையே மாத்தலாம். அதனால அவரைச் சீட்டர்னு சொல்ல முடியாது, ஆனா பேட்டைத் தடை பண்ணது சரி.

பான்டிங்கோட கிராஃபைட் பேட். பேட்டோட பின்பக்கம் ஒரு கார்பன் கிராஃபைட் பட்டை. அது சட்டத்துக்கு ஒத்து வரலன்னு எம்.சி.சி. சொன்னதும், 2006ல கூகபுரா கம்பெனி அந்த பேட்டைத் திரும்ப வாங்கிக்கிச்சு. அதுவரைக்கும் அதுல அடிச்ச ரன் அப்படியே ரெக்கார்டுல இருக்கு.

ஹெய்டனோட மங்கூஸ். நம்ம சி.எஸ்.கே. ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2010 ஐபிஎல், டெல்லியில 43 பந்துல 93. பிளேடு குட்டை, கைப்பிடி நீளம். அளவெல்லாம் சட்டத்துக்குள்ள, மரம்தான், எல்லார் கண்ணுக்கும் தெரியுது. மூணுலயும் பாஸ்.

கேப் டவுன் உப்புத்தாள். இது பேட்டிங் இல்லை, ஆனா ஒப்பிட வேணும். 2018 மார்ச்ல பந்தைத் தேய்க்க வெச்சிருந்த உப்புத்தாளை பான்கிராஃப்ட் பேன்ட்டுக்குள்ள ஒளிச்சார். கேட்டப்போ வேற கதை சொன்னாங்க. ஸ்மித், வார்னருக்கு ஒரு வருஷத் தடை, பான்கிராஃப்ட்டுக்கு 9 மாசம். முதல் ரெண்டு கேள்வியிலயே அவுட். சீட்டிங்னா இதுதான்.

இலங்கை ரசிகரோட கேள்வி

இங்க ஒரு நியாயமான வாதம் இருக்கு, அதைத் தள்ளிட்டுப் போக முடியாது. "செஞ்சுரி அடிச்ச பிறகுதானே காட்டினார்? முன்னாடியே தெரிஞ்சா அம்பயர்கிட்ட கேட்டிருக்கலாமே? இறுதிப் போட்டி முடிஞ்சப்புறம் என்ன பண்றது?"

ஒரு அணி தன்னோட பயிற்சி ரகசியத்தை எதிரணிக்குச் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. பிடியை மாத்தினா சொல்றோமா? பேட் எடையைச் சொல்றோமா? ஆனா கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு பொருளை வெச்சா, எதிரணிக்குச் சந்தேகம் வர்றது இயல்பு. அந்தக் கேள்வியை மதிவாணன் கேட்டது சரின்னுதான் நான் சொல்வேன். தோத்தவன் புலம்பல்னு அதை ஒதுக்கக் கூடாது. கேள்வி சரி, ஆனா அதுக்கான பதில் "இல்லை"ங்கிறதுதான். கில்கிறிஸ்ட் சீட் பண்ணல.

1771ல கத்துக்கிட்ட பாடம்

1771 செப்டம்பர்ல இங்கிலாந்துல ஹாம்பிள்டன் அணிக்கு எதிரா, வைட்ங்கிற ஆட்டக்காரர் விக்கெட் அளவுக்கே அகலமான பேட்டோட வந்து நின்னார். போல்ட் பண்ணவே முடியாது! அவரைத் தடுக்க எந்த ரூலும் அப்போ இல்லை. ஹாம்பிள்டன்காரங்க ரெண்டு நாள் கழிச்சு ஒரு தீர்மானம் எழுதினாங்க: இனிமே பேட் அகலம் நாலே கால் இஞ்ச்தான். இன்னைக்கும் அதே அளவுதான், 108 மில்லிமீட்டர். அதே வழியிலதான் 2017ல பேட்டோட தடிமன் 67, ஓரம் 40 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு எழுதினாங்க.

கவனிங்க: ஒவ்வொரு தடவையும் ரூல் நாளைக்காக மாறுது. நேத்து ஆடினவனுக்குத் தண்டனை இல்லை. ஒரு பொருளைத் தடை பண்றதும் ஒரு ஆளைச் சீட்டர்னு சொல்றதும் வேற வேற. நாம பெரும்பாலும் ரெண்டையும் குழப்பிக்கிறோம், கமென்ட்ரி பாக்ஸ்லயும் சரி, ஹாஸ்டல் கிரவுண்டுலயும் சரி.

கடைசியா உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். நம்ம இ.சி.இ. ஆளுங்க யாராவது ஒரு கிளவுஸ் செய்றாங்கன்னு வெச்சுக்குவோம். உள்ள பிரஷர் சென்சார், கீழ் கை இறுகினா விரல்ல லேசா அதிரும். ஸ்குவாஷ் பந்து செஞ்ச அதே வேலைதான். நெட்ஸ்ல போட்டுக்கலாம். மேட்ச்ல?

எனக்கு இது ஜிக் இல்லை. ஆட்டம் நடக்கும்போது தப்பைக் கண்டுபிடிச்சுச் சொல்ற வேலையை அது எடுத்துக்குது, அது பேட்ஸ்மேனோட வேலை. காதுல இருக்குற ப்ளூடூத்துக்குப் பக்கத்துல போயிடுச்சு. நீங்க வேற மாதிரி நினைச்சா, மூணு கேள்வியையும் போட்டுப் பார்த்துட்டு வாங்க, பேசுவோம்.