மலைப்பாதை ஏன் வளைகிறது?

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. உள்ளே வண்டிப் பாதை இல்லை. இரவில் தங்கவும் அனுமதியில்லை. காங்கரியாவிலிருந்து நான் நடந்து சென்றேன். புஷ்பாவதி ஆற்றைக் கடந்ததும் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது.

நேரே ஏறினால் தூரம் குறையுமே எனத் தோன்றலாம். ஆனால் செங்குத்தான தடத்தில் மழைநீர் விரைந்தோடி மண்ணை அரிக்கும். வளைந்த தடத்தில் சரிவு குறைவு. ஆதலின் நீரின் வேகமும் குறைவு. குறுக்கே ஏறுவோரின் காலடிகள் புல்லை அழித்து, வெள்ளத்திற்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கின்றன. பனி விலகியிருக்கும் சில மாதங்களிலேயே அங்குள்ள செடிகள் முளைத்து, பூத்து, விதையிட வேண்டும். மிதிபட்ட இடம் தேற ஆண்டுகள் பல ஆகும்.

விடுமுறையில் மலைக்குச் செல்லும் நண்பர்களே, களைப்பு மிகுந்தாலும் குறுக்கு வழியை நாடாதீர்கள்.