இனிக்கும் தேனும் ஒரு புளிப்புக் கணக்கும்

ஜவ்வாது மலைத் தேன் நாவுக்கு இனிப்பு. ஆனால் எல்லாத் தேனையும் போல அதுவும் அமிலத்தன்மை உடையதே, தேனின் பி.எச். பெரும்பாலும் 4-ஐ ஒட்டியிருக்கும். சிறிது தேனை நீரில் கரைத்து அளந்தபோது கருவி 3.9 காட்டியது என்றும், கருவியின் பிழை ±0.1 என்றும் கொள்வோம். 3.9-இல் 0.1 என்பது ஏறத்தாழ இரண்டரை சதவீதம். அயனிச் செறிவிலும் பிழை அவ்வளவுதானா?

இல்லை. டென்மார்க் நாட்டு வேதியியலறிஞர் சோரென்சன் 1909-இல் வகுத்த பி.எச். ஒரு மடக்கை அளவு. அதை எதிர்க்குறியுடன் 10-இன் அடுக்காக இட்டால், ஹைட்ரஜன் அயனிச் செறிவு லிட்டருக்கு இத்தனை மோல் என்று கிடைக்கும்.

பி.எச். 3.8 எனில் செறிவு 1.58 × 10⁻⁴
பி.எச். 3.9 எனில் செறிவு 1.26 × 10⁻⁴
பி.எச். 4.0 எனில் செறிவு 1.00 × 10⁻⁴

நடு மதிப்பிலிருந்து மேலே 0.32, கீழே 0.26. இருபுறமும் பிழை சமமில்லை என்பதைக் கவனியுங்கள். சுருக்கு வழியும் உண்டு. பி.எச். பிழையை 2.303-ஆல் (10-இன் இயல் மடக்கை) பெருக்குங்கள்: 0.1 × 2.303 = 0.23. அதாவது 23 சதவீதப் பிழை!

ஆகவே விடையை (1.3 ± 0.3) × 10⁻⁴ என்று எழுதுவதே முறை. கணிப்பான் காட்டுகிறதே என்று 1.2589 என எழுதினால், கருவி அறியாததை நாம் அறிந்ததாகச் சொல்வதாகும்.

பிழை ±0.01 மட்டுமே என்றால் செறிவின் பிழை எத்தனை சதவீதம்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.