வலைக்குள் துள்ளும் இறால்

கோட்டைக்குப்பத்துத் தம்பிக்கு,

வாங்கிய விலைக்கும் இன்றைய சந்தை விலைக்கும் இடையே, விற்காத பங்கில் நிற்கும் வித்தியாசத்தைக் கணக்காளர்கள் ஈட்டப்படாத லாபம் அல்லது நட்டம் என்பர். பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு இது புதிதல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் மீன்பிடி இடங்களைச் சுழற்சியில் பகிரும் பாடு முறைப்படி தன் முறை வந்து சுத்துவலை கட்டியவர், வலைக்குள் இறால் துள்ளுவதைக் கண்ணால் கண்டாலும், அது ஐஸ் பெட்டிக்குப் போய், வியாபாரி எடை போட்டுப் பணத்தை எண்ணி வைக்கும் வரை, அதைக் காட்டி மளிகைக் கடையின் பழைய பாக்கியைத் தீர்ப்பதில்லை.

முதலீட்டு நிறுவனத்தின் ஏட்டிலும் இதே இறால்தான் துள்ளுகிறது. அதனால்தான் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 123-ஆம் பிரிவில், டிவிடெண்ட் வழங்குவதற்கான லாபத்தைக் கணக்கிடும்போது ஈட்டப்படாத லாபத்தை விலக்கச் சொல்கிறது. அந்த லாபத்துக்கான வரியும் பங்கை விற்ற பிறகே வரும்.

நட்டத்தின் பக்கம்தான் ஏமாற்றம் அதிகம். "விற்காத வரை நட்டமில்லை" என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவின் யு.எஸ்.64 என்ற முதலீட்டுத் திட்டம் காட்டியது. 1964-இல் தொடங்கிய அத்திட்டத்தின் யூனிட் விலை, கையிருப்புப் பங்குகளை அன்றாடச் சந்தை விலையில் மதிப்பிட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என வகுக்கும் நிகர சொத்து மதிப்பைப் பின்பற்றாமல், நிர்வாகம் அறிவித்த விலையாகவே இருந்ததால், பங்குகள் சரிந்தபோதும் அந்தச் சரிவு யூனிட்காரர் கண்ணில் படவில்லை. பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேற, 2001 ஜூலையில் யூனிட் விற்பனையும் திரும்ப வாங்குவதும் ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டன. அதுவரை அரசாங்கத் திட்டம் என்று நம்பியிருந்த சிறு சேமிப்பாளர்களே அதிகம் தவித்தனர். இன்றைய மியூச்சுவல் ஃபண்டுகள் ஒவ்வொரு வேலை நாளும் நிகர சொத்து மதிப்பை வெளியிடுவது, பார்க்க வயிறு கலங்கினாலும், நல்லதே.

அந்த வாசகத்தின் உண்மையான பாதிக்கும் சான்று உண்டு: 2020 மார்ச் 23 அன்று பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் சுமார் 3,900 புள்ளிகள் விழுந்தது; அதே ஆண்டு நவம்பரில் 42,000-ஐத் தாண்டியது. பதறி விற்றவருக்கு நட்டம் நிலைத்தது, பொறுத்தவருக்குக் கரைந்தது என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் குறியீடு மீண்டாலும் ஒவ்வொரு தனிப் பங்கும் மீள்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே அடுத்த பருவத்தின் வலைக்கும் என்ஜின் பழுதுக்கும் வேண்டிய பணம் பங்கில் இருக்கலாகாது. பங்குச் செயலியில் பச்சையாகத் தெரியும் லாபத் தொகையை நம்பி ஃபைபர் படகுக்கு அட்வான்ஸ் கொடுக்கவும் கூடாது.