நிரல்மொழியில் தெளிவு

கருத்தைப் பிறர்க்கு உணர்த்துதலே மொழியின் பயன். கணிப்பொறிக்குக் கட்டளையிடுமாறு வகுக்கப்பெற்ற நிரல்மொழிகளும் இவ்விதிக்குப் புறம்பானவை அல்ல. நிரலை இயக்குவது பொறியே ஆயினும், அதனைப் படித்துப் பிழை களைவோரும் புதுவன சேர்ப்போரும் மக்களே. பொறி குறிகளை மட்டும் நோக்கும். மனிதரோ வரிகளின் அமைப்பைக் கண்டு பொருள் கொள்வர். இவ்விரண்டும் மாறுபடின் விளைவது யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

1972-ஆம் ஆண்டளவில் டென்னிஸ் ரிட்சி என்பார் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய ‘சி’ மொழியை முதற்கண் நோக்குவோம். அதன்கண் பல கட்டளைகளை ஒரு தொகுதியாகப் பிணைப்பன நெளிவு அடைப்புக்குறிகள். வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி படிப்போர் கண்ணுக்கு உதவுமேயன்றிப் பொறிக்குப் பொருள் தாராது. ஒரு நிபந்தனைக்குப் பின் அடைப்புக்குறி இல்லையாயின், அடுத்துள்ள ஒரு கட்டளை மட்டுமே அந்நிபந்தனைக்கு உட்படும்.

இச்சிறு விதியை மறந்தமையால் விளைந்த கேடு சிறிதன்று. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆப்பிள் நிறுவனத்தின் நிரலில் ஒரு பிழை வெளிப்பட்டது. இணையத்தில் எதிர்முனையில் நிற்கும் கணிப்பொறி மெய்யானதா என்று அதன் கையொப்பத்தைச் சோதிக்கும் பகுதி அது. ‘பிழை காணின் இறுதிப் பகுதிக்குச் செல்க’ என்னும் கருத்தில் அமைந்த ‘கோட்டூ ஃபெயில்’ என்ற கட்டளை அங்கே அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி நின்றமையின், இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டனபோலத் தோன்றின. பொறிக்கோ இரண்டாவது கட்டளை நிபந்தனையற்றது. ஆகவே பிழை இல்லாதபோதும் அது நிறைவேறிற்று. கையொப்பச் சோதனை நடவாமலே ‘குற்றமில்லை’ என்னும் விடை வந்தது. வஞ்சகர் இடைநின்று, மெய்யான தளம்போல் நடித்து, மறைவான செய்திகளைக் கவர வழி திறந்தது. அத்திங்கள் 21-ஆம் நாள் கைபேசிகளுக்குரிய திருத்தம் வெளியாயிற்று.

கைடோ வான் ராஸம் என்பார் 1991-இல் வெளியிட்ட ‘பைத்தான்’ மொழி வேறு நெறியைக் கொண்டது. அதில் உள்தள்ளலே இலக்கணம். ஒரே அளவு உள்தள்ளி அடுத்தடுத்து நிற்கும் வரிகள் ஒரு தொகுதியாம். ஆதலின் கண் காண்பதும் பொறி கொள்வதும் ஒன்றே. எனினும் இந்நெறியும் முற்றும் குற்றமற்றது அன்று. படியெடுக்குங்கால் இடைவெளி சிதையின் பொருளும் சிதையும். ‘சி’ மொழியாரும் வாளா இருந்திலர். நிரலைப் பொறிமொழியாக மாற்றும் ‘ஜிசிசி’ என்னும் கருவியின் 6-ஆம் பதிப்பு 2016-இல் வெளிவந்தது. தோற்றத்திற்கும் பொருளுக்கும் பொருந்தாத உள்தள்ளலைக் கண்டு எச்சரிக்கும் ஆற்றல் அதற்கு அளிக்கப்பட்டது.

ஆயினும் எம்மொழியின் இலக்கணமும் எழுதுவோர் கடமையை முற்றும் தான் ஏற்றுக்கொள்ளாது. கட்டளை ஒன்றே ஆயினும் அடைப்புக்குறி இடுதல், பொருள் விளங்கும் பெயர் சூட்டுதல், வேண்டுமிடத்துக் குறிப்புரை வரைதல் என்பன அவர்பாலன. செய்யுளில் சொற்பிரிக்கும் இடம் பிறழின் பொருளும் பிறழும் என்பதை அறிந்த நமக்கு இவ்வுண்மை புதிதன்று. பொறி ஏற்றுக்கொண்டது என்ற அளவில் அமையாது, நாளை படிப்போர் மயங்காவண்ணம் எழுதுதலே நிரல் வல்லார்க்கு அழகு.